நாலு பத்துக்கு வந்த எச்சரிக்கை

"அதை அமுக்கி வெச்சது யாருன்னு மட்டும் காட்டுங்க மேடம். அப்பால நான் பாத்துக்கறேன்."

பரசுராமன் இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் அனுராதாவுக்குப் பிடிக்கவில்லை. பதினான்கு வருடம் காவல் நிலையத்தில் எழுத்தராக உட்கார்ந்து ஊரார் புகாரையெல்லாம் எழுதியவள் அவள். கத்துகிறவர்கள் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படித் தரையைப் பார்த்தபடி பேசுகிறவர்கள்தான் எதையாவது செய்துவிட்டு வந்து நிற்பார்கள்.

போலீஸ் வேலையை உதறிவிட்டு, திருத்தணி ம.பொ.சி. சாலையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் அவள் துப்பறியும் அலுவலகம் திறந்து மூன்று வருடம் ஆகிறது. உதவிக்கு வீரபத்திரன். வயது ஐம்பது. ஆந்திர எல்லைக்கும் திருத்தணிக்கும் நடுவே இருபது வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். தமிழ், தெலுங்கு இரண்டிலும் வாய் ஓயாது; யாரையும் தெலுங்கில் 'பாவா', அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் இன்று அவர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பரசுராமன் பள்ளிப்பட்டில் கேபிள் டிவி நடத்துகிறவர். ஒன்பது நாள் முன்னால், ஆடிக் கிருத்திகை அன்று காலையில், அவர் மனைவி தேவகிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. திருத்தணியில் இருபது படுக்கை கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் பொட்டாசியம் அபாய அளவுக்குக் கீழே போய்விட்டது என்று கீழ்த்தள லேப் கண்டுபிடித்து, மாலை நாலு பத்துக்கே முதல் மாடி நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டருக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. அப்படி ஒன்று வந்தால் திரையின் வலது மூலையில் பெட்டி ஒன்று எழும்பும், மணி அடிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கையை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் பார்த்தார்கள். அதற்குள் தேவகியின் இதயம் ஒரு முறை நின்று, மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இப்போது சென்னையில் மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறாள். மகள் பிரியங்கா கூட இருக்கிறாள். தேவகி இன்னும் கண் திறக்கவில்லை.

"மணி அடிச்சா தொல்லைன்னு நர்சு லில்லி அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தான்னு மேனேஜர் போட்டோ எடுத்துக் குடுத்துகீறாரு. ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட் குடுத்தேன். அவ இல்லவே இல்ல, அன்னிக்கு மணியே அடிக்கலன்றா. போலீசு விசாரிச்சுகினே கீது. எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

அவர் பார்வை தரையைவிட்டு எழவில்லை. வீரபத்திரன் மட்டும் மெல்ல எழுந்து ஆட்டோ சாவியை எடுத்தார்.

"வாங்க பாவா. மேடம் கேக்கற கேள்விய விட, கம்ப்யூட்டர் சொல்ற பதிலு சீக்கிரம் வரும்."

ஆஸ்பத்திரி மேனேஜர் தணிகைவேல் வாசலிலேயே வந்து நின்றார். சட்டைப்பையில் மூன்று பேனா. பரசுராமனைப் பார்த்ததும் கும்பிட்டார். அனுராதாவைப் பார்த்ததும் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார்.

"போலீசுக்கே எல்லாம் குடுத்தாச்சு மேடம்."

"எனக்கும் ஒரு காப்பி குடுங்க. காப்பி குடுக்கலன்னா கூட பரவாயில்ல, கம்ப்யூட்டரைக் காட்டுங்க," என்றார் வீரபத்திரன்.

நர்ஸ் மேசை முதல் மாடியில், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் கூடத்தை ஒட்டி இருந்தது. மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய டிவி. கூடத்தைச் சுற்றி அறைகள். கம்ப்யூட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

வரவேற்பில் இருக்கும் ஷாலினி வந்து செட்டிங்ஸைத் திறந்து காட்டினாள். அந்தக் கம்ப்யூட்டரில் எதெது சத்தம் போடலாம், எதெது போடக்கூடாது என்று நீளமாக ஒரு பட்டியல். ஷாப்பிங் சலுகை, அணைத்திருந்தது. வானிலை, அணைத்திருந்தது. கிரிக்கெட் ஸ்கோர், ஜோசியம், பிரிண்டர் மை, எல்லாமே அணைத்திருந்தன. கடைசியில், லேப். அதுவும் அணைத்திருந்தது.

"பாத்தீங்களா," என்றார் தணிகைவேல். "நாள் முழுக்க டிங் டிங்னு அடிக்குதுன்னு அந்தப் பொண்ணு எங்கிட்டயே எத்தினி வாட்டி சொல்லிருக்குது. மொத்தமா வாய மூடிடுச்சு."

பரசுராமன் திரையைப் பார்த்தபடியே நின்றார். அவர் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

அனுராதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் சொடுக்கி உள்ளே போய்ப் பார்த்தாள். ஷாப்பிங் சலுகைக்குள் ஒன்றும் மாற்றப்படவில்லை. வானிலையிலும் அப்படியே. லேப்புக்குள் நுழைந்ததும் அவள் விரல் நின்றது.

"வீரண்ணா, ஒரு கல்யாண வீடு. ஒரு ஆளை வாசப்படியே மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அவருக்கு முன்வரிசையில சோபா போட்டு பேரு எழுதி வெப்பீங்களா?"

"நம்ம ஊட்டுக் கல்யாணத்துல அழைச்சவனுக்கே சேரு இல்ல மேடம். இன்னா விஷயம்?"

"லேப்போட மணியை அணைச்சிருக்கு. ஆனா அதுக்குள்ள பாருங்க. எல்லாத்துக்கும் மேல, மொத இடம்னு குறிச்சிருக்கு. சத்தத்துக்கும் தனியா ஒரு குறி போட்டிருக்கு. இந்தப் பட்டியல்ல வேற யாருக்கும் இந்த மரியாதை இல்ல."

ஷாலினி மேனேஜரை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"லில்லிக்கா தாங்க வெச்சாங்க. போன மாசம் ஒருநாள் உக்காந்து குப்பையெல்லாம் ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணாங்க. இந்த இரைச்சல்ல லேப் மணி காதுல விழாம போயிடப் போவுதுடின்னு சொல்லிக்கினே பண்ணாங்க. லேப்ப மட்டும் மேல ஏத்தி வெச்சாங்க. நான் கூட இருந்தேன்."

"அப்புறம் மனசு மாறி இருக்கும்," என்றார் தணிகைவேல்.

"எப்ப மாறிச்சுன்னு பாத்துடலாம்." அனுராதா ஷாலினியிடம் திரும்பினாள். "அன்னிக்கு சாயங்காலம் இந்தத் திரையை யாராவது போட்டோ எடுத்தீங்களாம்மா? மேனேஜர் எடுத்தது இல்லாம?"

"ஆங். நான் எடுத்தேன். ரிசல்ட்ட மெட்ராசு டாக்டருக்கு அனுப்புன்னு டியூட்டி டாக்டர் கத்தினாரு. அவசரத்துல திரையையே போட்டோ புடிச்சு அனுப்பிட்டேன்."

அவள் போனில் அந்தப் படம் இன்னும் இருந்தது. கோணலாக இருந்தது. ஆனால் ஓரத்தில் கடிகாரம் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து ஐம்பத்தைந்து. வலப்பக்கம் அறிவிப்புகள் வரிசையாக நிற்கும் பட்டியல் திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு வரி: லேப், நாலு பத்து.

வீரபத்திரன் எட்டிப் பார்த்தார். "வந்து உக்காந்துகினு தான் கீது."

"அதான் விஷயம். மணியை அணைச்சிருந்தா பட்டியல்லயும் பேர் வராது. நாலு பத்துக்கு லேப்போட வாய் திறந்துதான் இருந்தது. ஐந்து ஐம்பத்தைந்துக்கும் அப்படித்தான். மேனேஜர் சார், நீங்க போலீசுக்குக் குடுத்த போட்டோவுல மணி என்ன?"

பரசுராமன்தான் தன் போனை எடுத்தார். அந்தப் படத்தை அவர் எத்தனை முறை பார்த்திருப்பாரோ, விரல் தானாக அங்கே போய் நின்றது.

"ஏழு இருவத்திரண்டு," என்றார்.

"ஐந்து ஐம்பத்தைந்துக்கும் ஏழு இருவத்திரண்டுக்கும் நடுவுல லில்லி எங்க இருந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

பரசுராமன் போனைக் கீழே இறக்கினார்.

"ஆம்புலன்சுல. என் பொண்டாட்டி தலமாட்டுல. கையால அந்தக் காத்துப் பையைப் புடிச்சு அமுக்கினே வந்துச்சு. பூந்தமல்லி தாண்டற வரைக்கும் கை மாத்தல. நான் எதிர்ல உக்காந்துகினு இருந்தேன்."

மருந்து வண்டியின் சக்கரம் எங்கோ கிறீச்சிட்டது.

"நீங்க எதிர்ல உக்காந்திருந்த நேரத்துலதான் இங்க அவங்க பேருக்கு ஒரு குற்றம் தயாராச்சு," என்றாள் அனுராதா.

தணிகைவேல் கெட்டவர் போலத் தோன்றவில்லை. பயந்தவர் போலத்தான் தோன்றினார்.

"எச்சரிக்கை வந்தும் யாரும் பாக்கலன்னா ஆஸ்பத்திரிய இழுத்து மூடிடுவாங்க மேடம். முப்பது பேருக்கு வேலை. அந்தப் பொண்ணுக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும்னு…" லேப் மணியை அணைத்துவிட்டுப் படம் எடுத்தது அவரே என்று புரிந்தது.

பரசுராமன் ஓரடி முன்னால் வைத்தார். வீரபத்திரன் எப்போது நடுவில் வந்தார் என்று தெரியவில்லை. வந்து நின்றார்.

"பாவா, இந்தாளு எங்கயும் ஓட மாட்டாரு. மூணு பேனா வெயிட்டு, ஓட முடியாது. மேடம் இன்னும் முடிக்கல."

உண்மைதான். அனுராதா இன்னும் அந்தக் கோணல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சரிக்கை வந்திருக்கிறது. அணைக்கப்படவில்லை. பின் ஏன் பெட்டி எழும்பவில்லை, மணி அடிக்கவில்லை? லில்லி ஒன்பது நாளாகச் சொல்வதும் அதைத்தானே?

அவள் லேப்பின் மணியை மறுபடி திறந்துவிட்டாள். கீழே போன் செய்து, சோதனைக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பச் சொன்னாள். அடுத்த நொடி திரை மூலையில் பெட்டி எழும்பியது. மணி, தூங்குகிறவரை எழுப்புகிற அளவுக்கு அடித்தது.

"மெசினு நல்லாதான் கீது," என்றார் வீரபத்திரன்.

"இப்ப நல்லா இருக்கு. அன்னிக்கு இருந்ததும் இப்ப இருக்கறதும் ஒண்ணா?" அவள் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒவ்வொரு மூலையாக ஒப்பிட்டாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில், படத்தில் மட்டும், கடுகளவு ஒரு பிறைநிலா இருந்தது. இப்போது திரையில் அது இல்லை.

"ஆறு கூட ஆவல, அதுக்குள்ள நிலா," என்றார் வீரபத்திரன். "ஆடி மாசம் மேகம் கட்டும்தான், ஆனாலும் இது அதிகம்."

பிறை என்றால் கம்ப்யூட்டர் மௌனவிரதம் இருக்கிறது என்று பொருள். வருகிற அறிவிப்பையெல்லாம் சத்தமில்லாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அனுராதா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். விரதம் தானாகத் தொடங்குகிற நேரங்கள் அங்கே எழுதியிருந்தன. இரவு நேரம், அணைத்திருந்தது. கேம் ஆடும்போது, அணைத்திருந்தது. மூன்றாவது: இந்தத் திரையை இன்னொரு திரையிலும் காட்டும்போது. அது திறந்திருந்தது. யாரும் திறக்கவில்லை. வாங்கி வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"நாலு பேர் முன்னால திரையைப் போட்டுக் காட்டும்போது நம்ம சொந்த சமாச்சாரம் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க," என்றாள் அவள்.

"சபையில வாய தொறக்காதன்னு வளத்துருக்காங்க. மனுசனுக்கு இந்த புத்தி இருந்தா எலெக்சனே நடக்காது," என்றார் வீரபத்திரன்.

அனுராதா எழுந்துவிட்டாள். நூல் பிடிபட்டுவிட்டால் அவளுக்கு உடம்பில் ஒரு வேகம் வரும். மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். சுருட்டி வைத்த நீளமான டிவி ஒயர் இருந்தது. ஒரு முனையைச் சுவர் டிவியிலும் மறு முனையைக் கம்ப்யூட்டரிலும் சொருகினாள். கூடத்து டிவியில் கம்ப்யூட்டர் திரை அப்படியே விரிந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிறை முளைத்தது.

"லேப், இன்னொண்ணு அனுப்புங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. பெட்டி எழும்பவில்லை. அனுராதா பத்து வரை எண்ணிவிட்டுப் பட்டியலைத் திறந்தாள். சோதனை எச்சரிக்கை அதற்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"ஆக, அன்னிக்கு இந்த மணியோட வாயைக் கட்டினது லில்லி இல்ல. நாலு மணிக்கு முன்னால இந்த ஒயரைச் சொருகினவர்தான். அவர் யாருன்னு தெரிஞ்சா…"

ஷாலினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிதலைப் பார்த்தபோதுதான் அனுராதாவுக்கு வாயை மூடியிருக்கலாமே என்று தோன்றியது. நேரம் கடந்துவிட்டது.

பரசுராமன் சுவரோரம் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான்," என்றார்.

அவர் கூடத்தை ஒட்டிய ஓர் அறையைக் காட்டினார்.

"பதினோரு வருசமா காவடி எடுக்கறவ. இந்த வருசம் படுத்துகினா. கீழ ரோட்டுல பம்பை மேளச் சத்தம் கேக்க கேக்க அழுவறா. டிவியில மலையக் காட்டுவாங்களேன்னு பாத்தா, கூட்டத்துல எவனோ ஒயர அறுத்துட்டானாம், ஏரியா பூரா கேபிள் இல்ல. நான் கேபிள்காரன் மேடம். ஒரு டிவி சும்மா கீறத பாத்துகினு எப்படி உக்காருவேன்? கம்ப்யூட்டர்ல கோயில லைவா போடறாங்க, அதுலருந்து இழுத்துக் குடுக்கலாமான்னு நர்சம்மாவ கேட்டேன். அதுதான் ஒயர எடுத்துக் குடுத்துச்சு. மூணாம் நம்பர் ரூமு, கதவு தொறந்தா நேரா டிவி. மூணே முக்காலுக்கு சொருகினேன்."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

அனுராதாவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. கேபிள் டிவிக்காரர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லியிருந்தாரே. ஒயரைக் கையில் எடுக்கும் முன் ஒரு நொடி யோசித்திருந்தால் அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். வித்தை காட்டுகிறவள் போல அவர் கண் முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறாள்.

"இங்க பாருங்க," என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்க சொருகினது டிவிக்கு. இந்த மெஷினுக்கு இப்படி ஒரு குணம் இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, லில்லிக்கும் தெரியாது. முன்னெல்லாம் லேப்புல இருந்து போன் பண்ணுவாங்களே, அது ஏன் நின்னுச்சுன்னு இவரைக் கேளுங்க."

தணிகைவேல் ஒரு பேனாவை எடுத்து மறுபடி சட்டைப்பையில் செருகினார். "கம்ப்யூட்டர்ல வருதேன்னு… போன் வேணாம்னு நான்தான் சர்க்குலர் போட்டேன்."

"அது அவன் பாடு," என்றார் பரசுராமன். "என்னுது வேற."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீரபத்திரனைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஊடு எங்க?"

மணவூரில் லில்லியின் வீட்டுக்குப் போய்ச் சேர மாலை ஐந்தாகிவிட்டது. கனகம்மாசத்திரம் தாண்டும் வரை ஆட்டோவில் யாரும் பேசவில்லை. வீரபத்திரன்கூட ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்: "குளிரா இருந்தா தார்ப்பாய எறக்கட்டுமா பாவா?" வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பரசுராமன் நடுங்கிக்கொண்டிருந்தார்.

லில்லி குழாயடியில் குடத்தோடு நின்றாள். முப்பது வயது இருக்கும். ஒன்பது நாளில் கண் உள்ளே போயிருந்தது. பரசுராமனைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ அமுக்கலம்மா. நான் டிவிக்கு ஒயர சொருகினேன் பாரு, அதுல மணி நின்னு போச்சு. இவங்க கண்டுபுடிச்சாங்க."

லில்லி அனுராதாவைப் பார்த்தாள். அனுராதா சுருக்கமாக எடுத்துச் சொன்னாள். ஒயர், பிறை, ஏழு இருபத்திரண்டு. கேட்கக் கேட்க லில்லியின் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"ஒயர நான்தானேண்ணா எடுத்துக் குடுத்தேன்," என்றாள் லில்லி. "லைவு பாதியில எடுத்துடலாம்னு கூட நெனச்சேன். ஊசி போடப் போனப்ப அக்கா படுத்த வாக்குல கைய கூப்பிக்கினு பாத்துகினு இருந்தாங்க. இருக்கட்டும்னு உட்டுட்டேன்." குடத்தை ஓரமாக நகர்த்தினாள். "அக்கா கண்ணு தொறந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

அவள் குழாயை மூடினாள். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

காவல் நிலையத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். எழுத்தர் நாற்காலியில் புதிதாக ஒருவர். அனுராதா வலது பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தாள். லில்லி அவளுக்குப் பக்கத்தில். வீரபத்திரன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"புகார வாபஸ் வாங்கறீங்களா?" என்று கேட்டார் எழுத்தர்.

"இல்ல சார். மாத்தி எழுதணும்."

"ஆஸ்பத்திரி மேனேஜர் மேலயா?"

"அது அப்பறம் வரும். பொய் போட்டோ குடுத்தது, போன் வேணாம்னு சொன்னது, எல்லாம் சொல்றேன். மொதல்ல நடந்தது நடந்த வரிசையில வரட்டும்." பரசுராமன் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுத்தர் பேனாவை எடுக்கும்வரை காத்திருந்தார்.

"எழுதிக்கங்க. மூணே முக்காலுக்கு டிவி ஒயர சொருகினவர் பேரு பரசுராமன். வயசு ஐம்பத்தொண்ணு. ஊரு பள்ளிப்பட்டு. நோயாளிக்கு இன்னா வேணும்னு கேப்பீங்களே," என்றார், "வீட்டுக்காரரு."